வாயிலில் காணாமல் போன எண்

2024 ஜனவரி 9ஆம் தேதி சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் தட்டிக் கட்டணம் செலுத்தும் ஈசி-லிங்க், நெட்ஸ் ஃபிளாஷ்பே அட்டைகளில் சலுகைக் கட்டணம் சாராதவை அனைத்தும் ஜூன் 1ஆம் தேதிக்குள் சிம்பிளிகோ முறைக்கு மாறிவிட வேண்டும் என்றது அது. பதின்மூன்று நாள் கழித்து, ஜனவரி 22ஆம் தேதி, போக்குவரத்து அமைச்சர் சீ ஹொங் டாட் அந்த முடிவைக் கைவிடுவதாகச் சொன்னார். பழைய முறையைக் குறைந்தது 2030 வரை ஓட்டுவதற்குக் கூடுதலாக 40 மில்லியன் வெள்ளி செலவாகும் என்பதும் அப்போது தெரியவந்தது. அறிவித்த முடிவை இரண்டே வாரத்தில் திரும்பப் பெறுவது சிங்கப்பூர் அரசாங்கத்தின் வழக்கம் அல்ல. மக்களின் கோபத்துக்குச் சில்லறைக் காரணங்கள் பல இருந்தன: அட்டை மாற்றும் இடங்களில் நீண்ட வரிசை, மாற்றிய அட்டையை வாகன நிறுத்தக் கட்டணத்துக்குப் பயன்படுத்த முடியாத நிலை. ஆனால் திரும்பத் திரும்பக் கேட்ட புகார் ஒன்றுதான். தட்டியதும் கருவியின் சின்னத் திரையில் தெரிந்துவந்த இரண்டு எண்கள், அதாவது இந்தப் பயணத்துக்கு எவ்வளவு, அட்டையில் மீதி எவ்வளவு என்பவை, புதிய முறையில் தெரியாது.

மென்பொருள் செய்பவர்களிடம் இத்தகைய கோபத்துக்கு ஆயத்தமான விளக்கம் ஒன்று உண்டு: மனிதர்களுக்கு மாற்றம் பிடிக்காது, கொஞ்ச நாளில் பழகிவிடும். அலுவலகக் கணினியின் முகப்புத் திரை ஒரு திங்கட்கிழமைக் காலையில் வேறு கோலத்தில் வந்து நிற்கும்போது ஊழியர்களுக்குக் கிடைக்கும் பதிலும் இதுதான். இந்த விளக்கத்தில் பாதி உண்மை. மீதிப் பாதி, இரண்டு வெவ்வேறு இழப்புகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. ஒரு பொத்தான் இடம் மாறுவது ஒன்று. பார்த்துப் பழகிய ஒரு தகவல் இல்லாமல் போவது வேறொன்று. முதலாவது உண்டாக்கும் எரிச்சல் நாளடைவில் ஆறும். இரண்டாவது ஆறாது, ஆறவேண்டிய அவசியமும் இல்லை. சிங்கப்பூரில் நடந்தது இரண்டாவது வகை. அதை முதல் வகை என்று எடுத்துக்கொண்டதில்தான் கணக்கு தவறியது என்பது என் வாதம்.

முதல் வகையை முதலில் பார்த்துவிடலாம்; அதுவும் லேசானதல்ல. அமெரிக்க உளவியலாளர்கள் வால்டர் ஷ்னைடரும் ரிச்சர்ட் ஷிஃப்ரினும் 1977இல் வெளியிட்ட ஆய்வு, பழக்கம் என்றால் என்ன என்பதை எண்களில் காட்டியது. திரையில் மின்னி மறையும் எழுத்துகளுக்கு நடுவே குறிப்பிட்ட சில எழுத்துகளைத் தேட வேண்டும். தேட வேண்டியவை ஆங்கில அகரவரிசையின் முற்பகுதியிலிருந்தும், கவனம் சிதறச் செய்பவை பிற்பகுதியிலிருந்தும் வந்தன. 2,100 முறை பயிற்சி செய்தபின் அந்தத் தேடல் யோசிக்காமலே நடக்கும் அளவுக்கு ஆகிவிட்டது. பிறகு இரண்டு தொகுதிகளையும் இடம் மாற்றினார்கள்: இதுவரை தேடியவற்றைப் புறக்கணிக்க வேண்டும், புறக்கணித்தவற்றைத் தேட வேண்டும். பங்கேற்றவர்கள் புதிதாக வந்தவர்களைவிட மோசமாகத் தடுமாறினார்கள். எதுவும் தெரியாமல் முதல் நாள் உட்கார்ந்தபோது இருந்த திறனை எட்டுவதற்கே ஏறத்தாழ ஆயிரம் முயற்சிகள் தேவைப்பட்டன. கற்றதை மறப்பது வெற்றுப் பலகையிலிருந்து தொடங்குவதைக் காட்டிலும் கடினம் என்பது இதன் பொருள். வடிவமைப்பை மாற்றும் நிறுவனம் பழைய பயனரைப் புதியவராகக் கருதிக் கணக்குப் போட்டால் அது எப்போதும் குறைத்துத்தான் மதிப்பிடும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது புத்தகச் செய்தி அல்ல. தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி போன்றோரின் முனைப்பால் 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையை அறிவித்தது. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு என்று பிரித்த அதன் தர்க்கத்தை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் பழைய தட்டச்சுப் பொறியில் விரல் பழகியவர்களில் பலர் இன்றும் பழைய அமைப்பையே நாடுகிறார்கள். அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்பது எளிது. அவர்கள் விரல்களில் சேர்ந்திருக்கும் வேகத்தின் மதிப்பையும் அதை இழந்து மீட்கும் செலவையும் கூட்டிக் கழித்தால், ஓய்வுபெறச் சில ஆண்டுகளே உள்ள ஒருவருக்கு மாறாமல் இருப்பதே லாபம்.

இவ்வளவு கடினமாக இருந்தாலும் இடமாற்றம் ஆறக்கூடிய காயம்தான். மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் 2007இல் மெனுக்களை எடுத்துவிட்டு ரிப்பன் என்ற பட்டையை வைத்தபோது அலுவலகங்கள் அலறின. ரிப்பன் இன்றும் இருக்கிறது. அங்கே எந்தக் கட்டளையும் மறையவில்லை, இடம்தான் மாறியது. பழைய விசைத் தொடர்களையும் பெரும்பாலும் வேலைசெய்யும்படி விட்டுவைத்தார்கள், விரல்களின் நினைவுக்கு மரியாதை கொடுத்து. ஃபேஸ்புக் 2006 செப்டம்பரில் செய்தியோடையைக் கொண்டுவந்தபோது லட்சக்கணக்கானோர் அந்தத் தளத்திலேயே கூடி எதிர்த்தார்கள். இன்று செய்தியோடை இல்லாத ஃபேஸ்புக்கை நினைத்துப் பார்க்க முடியாது. இந்த இரண்டு உதாரணங்களையும் எல்லா நிறுவனங்களும் மனப்பாடமாக வைத்திருக்கின்றன, யார் முனகினாலும் எடுத்துக்காட்ட. அவை எடுத்துக்காட்டாத உதாரணம் விண்டோஸ் 8. 2012 அக்டோபரில் வந்த அதில் ஸ்டார்ட் பொத்தான் இல்லை. ஓராண்டில் பொத்தான் திரும்பியது. 2015இல் விண்டோஸ் 10இல் ஸ்டார்ட் மெனுவே திரும்பியது. பொறுத்திருந்தால் பழகிவிடும் என்ற கணிப்பு அங்கே பலிக்கவில்லை.

இனி ரயில் நிலைய வாயிலுக்கு வருவோம். அந்த இரண்டு எண்கள் ஏன் மறைய வேண்டியிருந்தது? இதில் யாருடைய அலட்சியமும் இல்லை, பொறியியல்தான் காரணம். 2002இல் வந்த ஈசி-லிங்க் அட்டைக்குள் இருக்கும் சில்லு ஒரு பணப்பை. எவ்வளவு பணம் இருக்கிறது என்பது அந்தச் சில்லிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அட்டையைத் தட்டும்போது கருவியும் சில்லும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்கின்றன. கருவி தொகையைப் படிக்கிறது, ஏறிய இடத்தைக் குறிக்கிறது. இறங்கும் இடத்தில் தூரத்தைக் கணக்கிட்டுக் கட்டணத்தைக் கழித்து மீதியைத் திரும்பச் சில்லில் எழுதுகிறது. இவ்வளவும் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில், எந்தத் தொலைதூரக் கணினியையும் கேட்காமல் நடக்கிறது. எண் கருவியின் கையிலேயே இருப்பதால் அதைத் திரையில் காட்டுவதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. சிம்பிளிகோவில் அட்டைக்குள் பணம் இல்லை. அது ஓர் அடையாளம் மட்டுமே. மளிகைக் கடையில் ரொக்கம் கொடுப்பதற்கும், “என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு வருவதற்கும் உள்ள வித்தியாசம் இது. இன்னார் இங்கே தட்டினார் என்று கருவி எழுதி அனுப்புகிறது. கட்டணத்தை எங்கோ உள்ள மையக் கணினி பின்னர் கணக்கிடுகிறது. கதவு திறக்கும் நேரத்தில் கட்டணம் எவ்வளவு என்பது கதவுக்கே தெரியாது. மையத்தைக் கேட்டுச் சொல்ல வேண்டுமென்றால் சில விநாடிகள் ஆகும், வாயிலில் நெரிசல் சேரும் என்று ஆணையம் விளக்கியது. நியாயமான விளக்கம்தான். வங்கி அட்டைகளை அனுமதிக்கும் முன் லண்டன் போக்குவரத்துத் துறை ஒரு தட்டலுக்கு அரை விநாடி என்ற வரம்பை வைத்துத்தான் வேலைசெய்தது. காலை எட்டரை மணிக்கு தோபி காட் நிலையத்தில் ஒவ்வொருவரும் மூன்று விநாடி நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆக, இழப்பு தொழில்நுட்பத்தின் இயல்பிலிருந்து வந்தது. ஆனால் அந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பது தொழில்நுட்பத்தில் இல்லை. அந்த எண் எந்த வேலையைச் செய்துவந்தது என்பதில் இருக்கிறது. நியூயார்க் சுரங்க ரயிலில் எங்கே போனாலும் ஒரே கட்டணம். அங்கே கட்டணத்தைக் காட்டாமல் விட்டால் பெரிதாக ஒன்றும் குறையாது. சிங்கப்பூரில் 2010 ஜூலையிலிருந்து பேருந்தும் ரயிலும் மாறிப் போனாலும் மொத்தத் தூரத்துக்கே கட்டணம். இறங்கித் தட்டும்வரை கட்டணம் எவ்வளவு என்பது பயணிக்குத் துல்லியமாகத் தெரியாது. திரையில் வரும் எண்தான் ரசீது. சரியான நிறுத்தத்தில் கருவி கணக்கிட்டதா, இறங்கும்போது தட்டியது பதிவானதா என்பதற்கெல்லாம் அதுவே சாட்சி. இதில் காலமும் சேர்ந்துகொண்டது. 2023 டிசம்பர் 23ஆம் தேதிதான் கட்டணங்கள் 7 விழுக்காடு உயர்ந்திருந்தன, அட்டைக் கட்டணம் பயணத்துக்கு 10 அல்லது 11 காசு கூடியிருந்தது. ஊரே அந்த எண்ணைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்த வேளையில், இரண்டரை வாரத்துக்குள், அந்த எண் போகப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. இந்த நேரப்பொருத்தத்தை யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

அந்த எண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு, அதைச் சிங்கப்பூரின் தேக்கா பகுதியில் நின்று பார்த்தால் புரியும். ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையிலும் ஃபேரர் பார்க் நிலையத்திலும் கூடும் வெளிநாட்டு ஊழியர்களில் தமிழ் பேசுவோர், வங்காளம் பேசுவோர், தெலுங்கு பேசுவோர் உண்டு. பக்கத்திலேயே சீனமும் மலாயும் பேசும் உள்ளூர்க்காரர்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாகப் படிக்கத் தெரிந்தது 4.35 போன்ற ஓர் எண். அதற்கு மொழி வேண்டாம், கைபேசியில் தரவு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். சந்தையில் காய் வாங்கி, ஊருக்குப் பணம் அனுப்பி, மீதமுள்ள காசில் புறநகர் விடுதிக்குத் திரும்ப வேண்டியவருக்கு, அட்டையில் இருப்பது போதுமா என்பது அலங்காரத் தகவல் அல்ல. போதாது என்றால் நிலையத்திலுள்ள இயந்திரத்தில் இப்போதே பணம் நிரப்ப வேண்டும். தெரியாவிட்டால் அடுத்த பேருந்தின் வாசலில் அட்டை மறுக்கப்படும்போதுதான் தெரியும்.

“செயலியில் பார்க்கலாமே?” என்பது உடனே எழும் மறுப்பு. பயண வரலாறு, கட்டணம், மீதி எல்லாம் சிம்பிளிகோ செயலியில் இருக்கின்றன. வீட்டிலிருந்தபடியே பணம் நிரப்பலாம், தொலைந்த அட்டையை முடக்கலாம். இவை மெய்யான வசதிகள்; பழைய அட்டையில் இவ்வளவு எளிதாகக் கிடைக்காதவை. ஆயினும் கண்ணில் தானாகப் படுவதும் தேடிப் போய்ப் பார்ப்பதும் ஒன்றாகிவிடாது. கணினியின் பதில் எவ்வளவு தாமதமானால் மனித மனம் அதைத் தன் செயலின் தொடர்ச்சியாக உணரும் என்று 1968இலேயே ஆய்வாளர் ராபர்ட் மில்லர் வகுத்துக் காட்டினார். பத்தில் ஒரு விநாடிக்குள் வருவது செயலோடு ஒட்டிக்கொள்ளும். ஏறத்தாழ ஒரு விநாடிவரை எண்ண ஓட்டம் அறுபடாது. பத்து விநாடியைத் தாண்டினால் மனம் வேறு வேலைக்குப் போய்விடும். தட்டியதும் தோன்றும் எண் தட்டலின் ஒரு பகுதி. கைபேசியை எடுத்து, திறந்து, செயலிக்குள் நுழைந்து பார்ப்பது தனி வேலை, அதைச் செய்ய முதலில் நினைவு வர வேண்டும். இந்தியாவில் நேர்மாறான திசையில் இதே பாடத்தைக் கற்றார்கள். க்யூஆர் குறி வழியாகப் பணம் வருவது டீக்கடைக்காரரின் கைபேசியில் குறுஞ்செய்தியாக வந்துகொண்டுதான் இருந்தது. கொதிக்கும் பாலைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்க முடியாது. வந்த தொகையை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டி, தமிழிலும் பேசுவது, அந்த இடைவெளியை அடைத்தது. தகவல் ஏற்கெனவே இருந்தது. உரிய நொடியில் உரிய இடத்தில் இல்லை என்பதற்காக, தனியாக ஒரு பெட்டியையே விற்க முடிந்திருக்கிறது.

இதைவிட வலுவான மறுப்பு எண்ணிக்கையிலிருந்து வருகிறது. அறிவிப்பு வந்தபோதே மூன்றில் இரு பங்கு வயதுவந்த பயணிகள் வங்கி அட்டையாலோ சிம்பிளிகோ அட்டையாலோதான் கட்டணம் செலுத்திக்கொண்டிருந்தார்கள். 2019இலிருந்து தாமாகவே மாறியவர்கள் அவர்கள். எண் தெரியவில்லை என்று ஊர்வலம் போகவில்லை. அப்படியானால் மீதி மூன்றில் ஒரு பங்கும் அதே வழியில் போய்விடும் என்று எதிர்பார்த்தது தவறா? தவறுதான், அது எண்ணிக்கையின் பழைய பொறி. மாறியவர்கள் யார்? மீதி எவ்வளவு என்ற கவலை இல்லாதவர்கள், மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பவர்கள். மாறாமல் நின்றவர்களில் சோம்பல் காரணமாக நின்றவர்கள் உண்டு. அந்த எண் தேவைப்பட்டதாலேயே நின்றவர்களும் உண்டு. ஐந்து ஆண்டு விருப்பத் தேர்வு, வடிகட்டிபோல அவர்களைத்தான் அடியில் சேர்த்து வைத்திருந்தது. முதல் இரு பங்கின் அமைதியை வைத்துக் கடைசிப் பங்கின் எதிர்வினையைக் கணித்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இந்தப் பொறி மென்பொருள் உலகம் முழுவதற்கும் பொது. எந்தப் பொத்தானை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று பதிவேடு சொல்லும். எந்த எண்ணை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்லாது. பார்வை தடம் விடுவதில்லை. முகப்புத் திரையின் மூலையில் உள்ள ஒரு தொகையை ஒரு கணக்காளர் நாளைக்கு ஐம்பது முறை ஓரக்கண்ணால் பார்த்திருக்கலாம். பதிவேட்டில் அது யாரும் சொடுக்காத வெற்றிடம். அடுத்த மறுவடிவமைப்பில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். பயன்பாட்டு எண்ணிக்கையை மட்டும் நம்பி இடங்களைக் குலைப்பதன் விளைவுக்கும் அளந்த சான்று உண்டு: 1989இல் ஆய்வாளர்கள் மிட்செலும் ஷ்னைடர்மனும் நிலையான மெனுவையும், பயன்பாட்டுக்கு ஏற்பத் தானே வரிசை மாறும் மெனுவையும் ஒப்பிட்டார்கள். தொடக்கத்தில் நிலையானதே வேகமாக இருந்தது. பங்கேற்றவர்களில் 81 விழுக்காட்டினர் அதையே விரும்பினார்கள். பிடிக்காத பயனர் வெளியேறவும் கூடும். 2018இல் ஸ்னாப்சாட் நண்பர்களின் பதிவுகளையும் அரட்டைகளையும் ஒரே பக்கத்தில் கலந்தபோது 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். அந்த ஆண்டின் இரண்டாம் காலாண்டில் அதன் அன்றாடப் பயனர் எண்ணிக்கை 191 மில்லியனிலிருந்து 188 மில்லியனுக்குக் குறைந்தது. பேருந்துப் பயணிக்கு அப்படி வேறு கடை தேடிப் போகும் வசதி இல்லை. அவர் குரல் கொடுக்கத்தான் முடியும்.

செலவை மறந்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. இரண்டு முறைகளையும் ஒருசேர ஓட்ட 40 மில்லியன் வெள்ளி பொதுப்பணம் போகிறது. பழைய கருவிகளுக்கு வயதாகிவிட்டது. ஒரே எண்ணுக்காக இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. பழைய முறையை என்றென்றும் வைத்திருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் தேர்வு, எண்ணை முழுதாகக் காட்டுவதா அறவே விடுவதா என்ற இரண்டுக்கு நடுவே மட்டும் இல்லை. கணக்கு அடிப்படையிலான முறைகளில் முடக்கப்பட்ட அட்டைகளின் பட்டியல் கருவிகளுக்கு முன்கூட்டியே அனுப்பப்படுகிறது. அதனால்தான் மையத்தைக் கேட்காமலே ஒரு திருட்டு அட்டையைக் கருவி மறுக்க முடிகிறது. மீதி குறைந்துபோன அட்டைகளின் பட்டியலையும் அதே வழியில் அனுப்பி, தட்டும்போது ஒரு மஞ்சள் விளக்கோ ஒற்றை வரிச் செய்தியோ காட்டலாம். சில நிமிடப் பழைய தகவலாக இருந்தாலும், தேக்காவிலிருந்து விடுதிக்குப் போகிறவருக்கு அது போதும். லண்டன் இன்னொரு வழியைக் காட்டியது: வங்கி அட்டையை 2014இல் சுரங்க ரயிலுக்கு விரித்தபோதும் ஆய்ஸ்டர் அட்டையைப் பிடுங்கவில்லை. கெடு இல்லாத இடத்தில் கோபமும் சேரவில்லை.

சிங்கப்பூரின் பழைய முறை 2030க்குப் பிறகு எப்போது ஓய்ந்தாலும், அடுத்த கருவி எதைக் காட்ட வேண்டும் என்பது அதற்குள் முடிவாகிவிடும். அதைத் தீர்மானிப்பவர்கள் ஏற்கெனவே மாறிவிட்டவர்களிடம் கருத்துக் கேட்டு நிறைவடையக் கூடாது. மாறாதவர்களிடம், அவர்கள் அட்டை தட்டும் இடத்திலேயே, எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். புகார் எழுதும் பயனர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிய திரை பிடிக்கவில்லை என்று மட்டும் எழுதினால் அது பழக்கதோஷம் என்ற கூடைக்குள் போய்விடும். எந்தத் தகவல் எங்கே இருந்தது, அதைப் பார்த்து எந்த முடிவை எடுத்து வந்தீர்கள், இப்போது அதற்கு எத்தனை படி கூடுதலாக ஏற வேண்டியிருக்கிறது என்று எழுதுங்கள். நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்பது அவர்களின் பதிவேட்டில் இல்லை. நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.